நல்ல நர்சரியை எப்படிக் கண்டுபிடிப்பது? யார் சொல்லும் யோசனையை நம்புவது?

சாளரப்பச்சை:

எல்லாருக்கும் வணக்கம். மாடியில் தொட்டிகளில் செடி வளர்க்கிறேன். நர்சரியில் தளதளவென்று இருக்கும் செடி வீட்டுக்கு வந்த சில வாரங்களில் இலையெல்லாம் கொட்டி நிற்கிறது. ரோஜா அப்படித்தான் போனது. எலுமிச்சை உயிரோடு இருக்கிறது, ஆனால் தண்டின் அடியிலிருந்து ஒரு கிளை வேகமாக மேலே போகிறது. அதன் இலைகள் மட்டும் மூன்று மூன்றாக, மற்ற இலைகளைப் போல் இல்லாமல் இருக்கின்றன. வாங்கிய இடத்தில் கேட்டேன், உரம் போதவில்லை என்றார்கள். இன்னொரு நர்சரியில் தண்ணீர் அதிகம் என்றார்கள். வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நம்பிப் போகக்கூடிய நர்சரி என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? யோசனை கேட்க யாரிடம் போகிறீர்கள்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேர்நோக்கு:

தோழி, நான் நர்சரிக்குப் போனால் இலையையும் பூவையும் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பையைத் தூக்கி அடியைப் பார்ப்பேன். துளை வழியாக வேர் தடித்து வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால், அந்தச் செடி ரொம்ப நாளாக அதே பையில் கிடக்கிறது என்று அர்த்தம். உள்ளே வேர் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். அதை அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் வேர் வெளியே பரவாமல் பழைய வட்டத்திலேயே சுற்றும். மர வகையாக இருந்தால் பல ஆண்டு கழித்து அந்த வேரே தண்டை நெரிக்கும்.

அதனால் ஒரு செடியைப் பிடித்துப் போனால் தொட்டியிலிருந்து உருவி வேரைக் காட்டச் சொல்வேன். பெரும்பாலான செடிகளில் நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, தொட்டால் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கறுத்து, குழைந்து, துர்நாற்றம் அடிக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் மட்டும் கழன்று, நடுவில் நூல் போல ஒன்று மிஞ்சும்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் வாங்காதீர்கள். அது நூற்புழுவாக, அதாவது வேருக்குள் புகுந்து வாழும் மிக நுண்ணிய புழுவாக இருக்கலாம். ஒருமுறை வீட்டு மண்ணில் சேர்ந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு, தக்காளி, கத்தரி, வெண்டை எதையும் விடாது. அவரை, பயறு போன்றவற்றின் வேரில் இருக்கும் முடிச்சு வேறு. அது தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல பாக்டீரியா தங்கும் இடம். லேசாகத் தேய்த்தால் தனியாக உதிர்ந்து வரும், வேலை செய்கிற முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது, வேரே வீங்கியிருக்கும்.

நல்ல நர்சரிக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான்: வேரைக் காட்டத் தயங்காத இடம். தன் செடியின் மேல் நம்பிக்கை உள்ளவர் கேட்டவுடன் காட்டுவார்.

பச்சைவலை:

சிறிய நர்சரி வைத்திருக்கிறேன். வேர்நோக்கு சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வருகிற ஒவ்வொருவரும் செடியை உருவிப் பார்த்தால், புதிதாகப் பை மாற்றிய செடிகளில் மண் உடைந்து சின்ன வேரெல்லாம் அறுந்துவிடும். வேரைக் காட்டவில்லை என்ற ஒன்றை வைத்து ஒரு நர்சரியை ஒதுக்காதீர்கள். "இது பை மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது?" என்று கேளுங்கள். புதிதாக மாற்றியது என்றால் உருவ வேண்டாம், தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். செடி மட்டும் தனியாக ஆடினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை, சில வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

வாங்குகிறவர்களுக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்கிறேன். நிறைய நர்சரிகள் செடியை உற்பத்தி செய்வதில்லை. வெளியிலிருந்து லாரியில் வருவதை இறக்கி விற்கின்றன. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் லாரியிலிருந்து இறங்கிய மறுநாளே செடி விற்றுப் போனால், அது முன்பு வளர்ந்த நாற்றங்காலின் ஈரப்பதத்துக்கும் நிழலுக்கும் பழகிய உடம்போடு அப்படியே உங்கள் வெயிலுக்கு வருகிறது. சாளரப்பச்சையின் ரோஜாவுக்கு இதுவும் நடந்திருக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை நீங்களே வளர்த்தீர்களா, வாங்கி விற்கிறீர்களா? வந்து எத்தனை நாள் ஆகிறது?" நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தாய்ச்செடி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பழ மரம் விற்கிறவரிடம் காய்த்து நிற்கிற தாய்மரம் இருந்தால் ரகத்தில் ஏமாற வாய்ப்பு குறைவு.

சாளரப்பச்சை:

வேர்நோக்கு, பச்சைவலை, இரண்டு பேருக்கும் நன்றி. நிழல், வெயில் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? ரோஜாவுக்கு நல்ல வெயில் வேண்டும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதனால் வாங்கிய அன்றே வெயிலில் வைத்தேன்.

பச்சைவலை:

ரோஜாவுக்கு வெயில் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செடி அதுவரை இருந்தது பச்சை வலைக்கு அடியில். பாதி வெயிலை மறைக்கிற வலைதான் பல இடங்களில் கட்டியிருப்பார்கள். அந்த நிழலில் விரிந்த இலை மெல்லியதாகவும் அகலமாகவும் இருக்கும். திடீரென்று முழு வெயில் பட்டால் கருகும். அந்த இலை இனிமேல் வெயிலுக்குப் பழகப் போவதில்லை, புதிதாக வரும் துளிர்தான் வெயிலுக்கு ஏற்றபடி தடிப்பாக வரும். அதற்குச் செடிக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் வெளிச்சமான நிழல், அப்புறம் காலை வெயில் மட்டும், பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். ஒன்றிரண்டு வாரம் இப்படிச் செய்தால் போதும். இதை விற்கும்போதே சொல்லி அனுப்ப வேண்டியது எங்கள் வேலை. சொல்லாமல் விற்கிறவர்கள் மேல் எனக்கும் வருத்தம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பூத்துக் குலுங்கும் குட்டையான செடிகளில் சிலவற்றுக்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்திருப்பார்கள். பாக்லோபியூட்ரசால் அப்படிப்பட்ட ஒன்று. செடியை நீளவிடுகிற ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் உருவாவதை அது தடுக்கும். மருந்தின் வேகம் தணிந்த பிறகு செடி நெட்டையாக வளரத் தொடங்கினால் ஏதோ நோய் என்று பயப்படாதீர்கள், அதுதான் அதன் இயல்பான உருவம்.

மாமரநிழல்:

எலுமிச்சைக்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா. அந்த மூன்றிலைக் கிளை ஒட்டுக்குக் கீழே இருந்து வருகிறதா என்று பாருங்கள். தண்டில் ஒரு வீக்கமோ தழும்போ தெரியும், அதுதான் ஒட்டு. வேருக்காக வைத்த ஒரு செடியின் மேல் நல்ல ரகத்தைச் சேர்த்த இடம் அது, அடியில் இருப்பதை வேர்ச்செடி என்பார்கள். எலுமிச்சை வகைகளில் வேர்ச்செடியாக மூன்றிலை எலுமிச்சையையோ அதன் கலப்பினங்களையோ வைப்பது உலகம் முழுக்க வழக்கம். உங்கள் செடியில் வேர்ச்செடி துளிர்த்துவிட்டது. அதை விட்டுவைத்தால் சத்தெல்லாம் அதற்கே போய், மேலே இருக்கும் நல்ல ரகம் நலிந்துவிடும். கிளை இளசாக இருந்தால் பிறக்கும் இடத்திலேயே கையால் பிய்த்துவிடுங்கள், முற்றியிருந்தால் தண்டை ஒட்டி வெட்டுங்கள். மறுபடி வரும், மறுபடி எடுங்கள். உரம் போடச் சொன்னவர் செடியைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

ஒட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டு நன்றாகச் சேர்ந்த பிறகும் அது அப்படியே இருந்தால் தண்டை இறுக்கும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

பழக்கன்று வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சில வார்த்தைகள். ஒட்டு மா மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு காலம்கூட ஆகலாம், பழமும் தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று உறுதி கிடையாது. விதைக்கன்றை ஒட்டுக்கன்று என்று விற்கும் இடங்கள் இருக்கின்றன. தண்டில் ஒட்டுத் தழும்பு தெரியாவிட்டால் வாங்காதீர்கள். சிலர் விதைக்கன்றின் தண்டில் வெறுமனே கீறிக் காட்டுவதும் உண்டு. உண்மையான ஒட்டில் மேலும் கீழும் பட்டையின் நிறமோ பருமனோ கொஞ்சமாவது மாறும்.

சின்னப் பையில் காய் தொங்கும் கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். முற்றிய கிளையில் போட்ட விண்பதியனும் (கிளையை மரத்திலேயே வேர்விடச் செய்து வெட்டி எடுக்கும் கன்று) ஒட்டும் அந்த வயதிலேயே காய்க்கும், அது கன்றின் பலத்துக்குச் சாட்சி ஆகாது. முதல் ஆண்டு பூவைக் கிள்ளிவிட்டு வேரை வளரவிட்டால் மரம் தேறும்.

ஒரு நர்சரிக்காரரின் பேச்சு நம்பத் தகுந்ததா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. பப்பாளிக் கன்றில் ஆணா பெண்ணா என்று கேட்பேன். பூக்கும் முன் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் மரபணுவைச் சோதித்தால்தான் தெரியும். "தெரியாது ஐயா, ஒரே குழியில் மூன்று வையுங்கள், பூத்ததும் வேண்டாததை எடுத்துவிடுங்கள்" என்று சொல்கிறவரிடம் நான் தொடர்ந்து வாங்குவேன். இலையைத் திருப்பிப் பார்த்து, "இது பெண், எடுத்துப் போங்கள்" என்கிறவரிடம் மற்ற எதையும் நம்பி வாங்க மாட்டேன்.

துளிர்:

நான் இணையத்தில்தான் வாங்குகிறேன். எங்கள் பக்கத்தில் கிடைக்காத ரகங்கள் அங்கே கிடைக்கின்றன. நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தன.

வேர்நோக்கு:

துளிர், நல்ல இணைய நர்சரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. வேரை நீங்கள் பார்க்க முடியாது, அதனால் அவர்கள் வேறு வகையில் நம்பிக்கை தர வேண்டும். அனுப்பப்போகிற செடியின் படமா, மாதிரிப் படமா? பை எந்த அளவு? செடி எவ்வளவு உயரம்? தாவரவியல் பெயரும் ரகப் பெயரும் போட்டிருக்கிறார்களா? வழியில் செத்தால் என்ன செய்வார்கள்? இவை அவர்களுடைய இணையப் பக்கத்தில் இல்லை என்றால் நான் வாங்குவதில்லை. விமர்சனம் படிக்கும்போது "பார்சல் அழகாக வந்தது, ஐந்து நட்சத்திரம்" என்பதைத் தாண்டிப் போய், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எழுதியவர்களைத் தேடுங்கள். செடியைப் பற்றி அவர்களால்தான் சொல்ல முடியும்.

நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்று விற்கும் பக்கம் கண்ணில் பட்டால் அந்தக் கடையையே விட்டு விலகுங்கள். ரோஜாவில் நீல நிறத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமியே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீனோடு சேர்ந்து, வேறு செடியின் மரபணுவைப் புகுத்தி, 2009-ல்தான் நீல ரோஜா என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் பார்க்க இளம் ஊதாவாகத்தான் இருக்கும். வானவில் ரோஜா என்பது வெள்ளைப் பூவின் காம்பைக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் ஒவ்வொரு சாயத்தில் நிறுத்தி எடுப்பது. அதற்கு விதை எங்கிருந்து வரும்? சாதாரண ரோஜா ரகங்கள்கூட விதையிலிருந்து அதே பூவைத் தருவதில்லை. பணம் போவதைவிட, ஆசையாக விதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் புதியவர்களை நினைத்தால்தான் மனம் கொதிக்கிறது.

ஈரக்கை:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. எவ்வளவு நல்ல நர்சரியாக இருந்தாலும், புதுச் செடியைப் பழைய செடிகளோடு உடனே சேர்க்காதீர்கள். இரண்டு, மூன்று வாரம் தனியாக வையுங்கள். இலையின் அடிப்பக்கம், காம்பும் தண்டும் சேரும் இடுக்கு, இந்த இரண்டும்தான் மாவுப்பூச்சி ஒளியும் இடம். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் அசுவினியோ செதில் பூச்சியோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம், அவை விடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன்.

இது வெறும் வீட்டுக் கவலை இல்லை. 2013-ல் இத்தாலியின் அபுலியா பகுதியில் ஒலிவ மரங்கள் காய்ந்து மடிவதற்குக் காரணமாக சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. அது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் காபிச் செடி வழியாக நுழைந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. நூற்றாண்டுகள் கண்ட மரங்கள் போய்விட்டன. ஒரு தொட்டிச் செடிக்குள் அவ்வளவும் அடங்கி வரும். வெளிநாடு போகிறவர்கள் பையில் ஒரு குச்சி ஒளித்து எடுத்து வருவதைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்குப் பகீரென்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வீட்டில் குழந்தையோ பூனையோ நாயோ இருந்தால் அதையும் நர்சரியில் சொல்லிவிட்டு வாங்குங்கள். அரளி முழுக்க நஞ்சு. டைஃபன்பாக்கியா இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். லில்லியின் மகரந்தம் பட்டதை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். இதைக் கேட்டவுடன் பதில் சொல்லத் தெரிந்த நர்சரி என்றால் எனக்குத் தனி மரியாதை.

சாளரப்பச்சை:

ஐயா சொன்னபடி பார்த்தேன், அந்தக் கிளை ஒட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. எடுத்துவிட்டேன், நன்றி. இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொட்டிக்கு அடியில் கல் போடு என்கிறார்கள் சிலர், போடாதே என்கிறார்கள் சிலர். எப்சம் சால்ட், முட்டை ஓடு என்று நிறைய சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

மண்கலவை:

ஒரு யோசனை சரியா தவறா என்று பார்க்க, "ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லாதவரின் யோசனையை அப்படியே ஓரம் கட்டலாம்.

தொட்டிக் கல்லையே எடுத்துக்கொள்வோம். கல் இருந்தால் தண்ணீர் நன்றாக வடியும் என்றுதான் தோன்றும். உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே இருக்கும் மண் நன்றாக நனைந்து நிரம்பிய பிறகுதான் இறங்கும். கல் இல்லாதபோது தொட்டியின் அடியில் நிற்கும் ஈர அடுக்கு, கல் போட்டால் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். துளையில் மண் ஒழுகாமலிருக்க ஒரு வலைத்துண்டு போதும். வடிகால் வேண்டுமென்றால் கலவை முழுவதையும் பொலபொலப்பாக்க வேண்டும்.

எப்சம் சால்ட் என்பது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்தால் கீழ் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சளாகும். அப்போது அது உதவும். குறை இல்லாத மண்ணில் போட்டுக்கொண்டே இருந்தால் வேர் சுண்ணாம்புச் சத்தை எடுப்பதற்குப் போட்டியாக நிற்கும். தக்காளியின் அடி கறுத்து அழுகுவதற்கு இதைப் போடச் சொல்கிறார்கள், அது நிலைமையை மோசமாக்கத்தான் செய்யும். அந்த அழுகல், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், ஒருநாள் காய்ந்து ஒருநாள் குளமாகும்படி தண்ணீர் விடுவதால்தான் காய்க்குப் போய்ச் சேராது. முட்டை ஓடு கரைய ரொம்ப காலம் பிடிக்கும், இந்தப் பருவத்துக் காய்க்கு அது உதவாது.

தோட்டக்காரி:

மண்கலவை, நான் தலைமுறையாகத் தொட்டியில் ஓட்டாஞ்சில்லு போட்டு வளர்த்துப் பார்த்த குடும்பம். எங்கள் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. அனுபவத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா?

மண்கலவை:

தள்ளவில்லை அக்கா. வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைத் துளையின் மேல் கவிழ்த்து வைப்பது மண் அடைக்காமல் தடுக்கும், அதில் பழுதில்லை. நான் சொன்னது அரை அடிக்குக் கல் நிரப்புவதைப் பற்றி. உங்கள் வீட்டுத் தொட்டிகள் சுட்ட மண் தொட்டிகளாக இருந்திருக்கும், அவற்றின் சுவர் வழியாகவே ஈரம் போகும். இன்றைய பிளாஸ்டிக் தொட்டியில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி அதே வழக்கத்தைச் செய்தால் விளைவு வேறு. கோகோபீட் தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருக்கும். உங்கள் அனுபவம் உண்மை, அது எந்தத் தொட்டியில், எந்த மண்ணில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் புதியவர்களுக்குப் பயன்படும்.

தோட்டக்காரி:

சுட்ட மண் தொட்டிதான். ஒரே ஒரு சில்லுதான் வைப்போம். சரி, புரிகிறது.

மாமரநிழல்:

யோசனைக்கு யாரிடம் போவது என்ற கேள்விக்கு என் வரிசையைச் சொல்கிறேன். முதலில், உங்களைப் போன்ற வெயில், உங்களைப் போன்ற தண்ணீர் உள்ள பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர். அவர் செடி உயிரோடு நிற்பதை நேரில் பார்க்கலாம். அடுத்து வேளாண் பல்கலைக்கழகம், அரசு தோட்டக்கலைத் துறை, தாவரவியல் பூங்கா. இவர்களுக்கு உங்களிடம் விற்க மருந்து இல்லை. மண் பரிசோதனையும் அங்கே பல இடங்களில் செய்து தருவார்கள், சிலவற்றில் அவர்களே கன்றும் விற்பார்கள். நர்சரிக்காரர் அதற்கும் அடுத்துதான், பச்சைவலை கோபித்துக்கொள்ள வேண்டாம். நோய் சொல்கிறவரே மருந்தும் விற்கும்போது, மருந்தே வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும்.

பச்சைவலை:

கோபமில்லை ஐயா. அந்த மனசு உள்ளவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். "என் மாடியில் இந்த நேரம் வரை வெயில், என்ன வைக்கலாம்?" என்று கேட்கிறவரிடம் "நீங்கள் கேட்கும் செடி அங்கே வராது" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். உங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் செடியைக் கையில் கொடுக்கிற இடத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஈரக்கை:

யோசனை கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "செடி வாடுகிறது, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதினால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. என்ன செடி, தொட்டி எவ்வளவு பெரியது, அடியில் துளை இருக்கிறதா, எத்தனை மணி நேரம் நேர் வெயில், கடைசியாக எப்போது என்ன உரம் போட்டீர்கள், விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டால் ஈரமா காய்ந்திருக்கிறதா, இவ்வளவும் வேண்டும். படம் எடுத்தால் முழுச் செடி ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, தண்டும் மண்ணும் சேரும் இடம் ஒன்று. தண்ணீர் அதிகமானாலும் குறைந்தாலும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும், மண்ணைத் தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சாளரப்பச்சை:

இதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் புது ரோஜா வாங்கப் போகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாமா, காத்திருக்க வேண்டுமா?

பச்சைவலை:

வேர் பையை நிரப்பிச் சுற்றத் தொடங்கியிருந்தால், தனியாக வைத்திருக்கும் அந்த இரண்டு, மூன்று வாரம் முடிந்ததும் மாற்றுங்கள். ஒரு சுற்றுப் பெரிய தொட்டி போதும். ரொம்பப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். பூவும் மொட்டும் இருந்தால் மாற்றும்போது கிள்ளிவிடுங்கள். சுற்றிய வேர்களை விரலால் மெல்லப் பிரித்துவிட்டு, பழைய மண்மட்டமும் புதிய மண்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி நடுங்கள். புதுத் துளிர் விரிந்து வரும் வரை உரம் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்.

சாளரப்பச்சை:

சரி, அப்படியே செய்கிறேன். வாங்கும் முன் வேரையும் இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வேர்நோக்கு:

போடுங்கள் தோழி. ஒட்டு இருக்கும் இடத்தையும் ஒரு படம் எடுங்கள். ரோஜாவிலும் வேர்ச்செடி துளிர்க்கும்.